கடைசி பஸ்ஸின் பாட்டுப்பெட்டி

பதினோரு சைக்கிளின் டயர்களையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டே போகிறார் மா கி-சோல். யாங்பியோங் ஆற்றங்கரையில் இப்போதுதான் வெளுக்கிறது. மற்றவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். "இது குழைஞ்ச சோறு, காத்தடி. இது சரி. இது யாருது, கல்லு மாதிரி?" காற்றழுத்தம் பார்க்கும் கருவி அவர் பையிலேயே இருக்கிறது. அதை அவர் வெளியே எடுத்து யாரும் பார்த்ததில்லை.

வயது அறுபத்து மூன்று. வீட்டுத் தரையைச் சூடாக்கும் பாய்லர்களின் ரிப்பேர்காரர். குளிர்காலத்தில் தரை சுடவில்லை என்றால் ஊரே அவரைத்தான் கூப்பிடும். சுவரில் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். சைக்கிள் சங்கிலியையும் அப்படித்தான். "அழுவுது பாரு, எண்ணெய் விடு."

இந்தச் சைக்கிள் குழுவில் எல்லாருக்கும் இணையத்தில் வைத்துக்கொண்ட பெயர்தான் பெயர். நிஜப் பெயர் கேட்டால் விழிப்பார்கள். இவர் பெயர் கடைசி பஸ். மலைக்கு அப்பால் கடலோர ஊரான சோக்சோவுக்கு எட்டு முறை போயிருக்கிறார்கள், எட்டு முறையும் கடைசி ஆள் இவர்தான். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் மிசிர்யொங் கணவாய் உச்சியில் நிற்கும். "என் முன்னால போன ஒருத்தரும் அதுல ஏறினதில்ல" என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. பாய்லர் விஷயத்தில்கூட இவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டார்.

ஒரே குறை, அவர் கைப்பிடியில் கட்டியிருக்கும் பாட்டுப்பெட்டி. பழைய காதல் பாட்டுகள், டிங்டிங்கென்று, மலையே அதிரும்படி. முப்பத்து நாலு வயது எஸ்பிரஸ்ஸோவுக்கு அது ஆகவே ஆகாது.

"அண்ணே, ஊருக்குள்ளயாவது குறைங்க. சனங்க நம்மளை வித்தைக்காரங்கன்னு நினைக்கிறாங்க."

"சரி தம்பி" என்று ஊருக்குள் குறைப்பார். ஊர் தாண்டியதும் கூட்டிவிடுவார்.

இந்த வருஷம் வெயில் கொஞ்சம் உக்கிரம். ஹோங்சொன் ஊரைத் தாண்டும்போதே தன் கிம்பாப் சோற்றுச் சுருளை ஒருவருக்கும், உப்பு மிட்டாயை இன்னொருவருக்கும் கொடுத்துவிட்டார். சிகப்புப் பயறு பன்னைக் காலையிலேயே வெள்ளரிக்காய் அக்காவின் பையில் திணித்தாயிற்று. தலைமுடி திருத்தும் கடைக்காரி அவள். எப்போதும் இவருக்கு ஒரு முழம் முன்னால் மூச்சிரைக்கப் போகிறவள். மத்தியானம் கணவாயின் அடிவாரத்து யோங்தே-ரியில் எல்லாரும் உலர்மீன் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருக்க, இவர் எஸ்பிரஸ்ஸோவின் பின்சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டி முடிப்பதற்குள் கூட்டம் கிளம்பத் தயாராகிவிட்டது. "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று யாரோ கேட்டதற்கு, "ஆச்சு ஆச்சு" என்று ஒரே போடாகப் போட்டார்.

கணவாயின் நாலாவது வளைவில் உடம்பு கணக்குக் கேட்டது. கண் இருட்டியது. தானே வேனில் ஏறும் நிலைமையா! நினைத்தபோதே அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாட்டுச் சத்தம் தூரத்தில் தேய்ந்தால் பின்தங்குவது தெரிந்துவிடும். மொத்தமாக நிறுத்தினால் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். அப்படி ஒரு தந்திரம் செய்வதாக நினைத்துக்கொண்டு பெட்டியை அணைத்தார். சைக்கிளைச் சாய்த்து, சாலையோரம் உட்கார்ந்து, நன்றாக இருக்கும் சங்கிலியைப் பழுதுபார்ப்பது போலத் தடவிக்கொண்டிருந்தார்.

மலை அமைதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மேலிருந்து ஒரு சக்கரம் கிர்ரென்று இறங்கும் சத்தம். எண்ணெய் போதாத சங்கிலி, எஸ்பிரஸ்ஸோவுடையது. அதன் பின்னால் வெள்ளரிக்காய். அதன் பின்னால் ஒன்று, இரண்டு... ஏறிய மேட்டை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா? பத்துப் பேரும் இறங்கி வந்து நின்றார்கள்.

"பாட்டு நின்னதும் ஒரு வளைவு சொர்க்கமா இருந்துச்சுண்ணே" என்றான் எஸ்பிரஸ்ஸோ. "அடுத்த வளைவுல சைக்கிளைத் திருப்பிட்டோம்."

"சங்கிலி கொஞ்சம்..."

"சங்கிலிக்கு வேர்க்குமா? முகத்தைப் பாருங்க, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி" என்றாள் வெள்ளரிக்காய். "மத்தியானம் சாப்பிடல, அப்படித்தானே? பொய்யா சொன்னீங்க!"

ஒருவர் போனை எடுத்தார். "வேனைக் கூப்பிட்டுடவா?"

"கூப்பிட்டுப் பாரு! உன் வீட்டு பாய்லரைச் சாகிற வரைக்கும் தொட மாட்டேன்."

போன் பைக்குள் போய்விட்டது. அக்கா முதலில் ஒரு வெள்ளரிக்காயை உடைத்துக் கொடுத்தாள். பிறகு காலையில் அவரே திணித்த சிகப்புப் பயறு பன். நசுங்கிப்போயிருந்தது, ஆனாலும் அப்படியே இருந்தது. அவர் அதை இரண்டு வாயில் முடித்தார். இருபது நிமிஷம் பத்துப் பேரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து, அவரைத் தவிர உலகத்திலுள்ள எல்லாவற்றையும் கேலி செய்தார்கள். அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"நீங்க முன்னால போங்கண்ணே."

"அது மட்டும் நடக்காது. போங்கடா எல்லாரும்."

கடைசி ஆளாகத்தான் ஏறினார். எஸ்பிரஸ்ஸோ பின்னால் வந்து அவர் இடத்தைப் பிடிக்கவில்லை, பக்கத்திலேயே வந்தான். உச்சியில் வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. மா கி-சோல் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கீழே சோக்சோவும், அதற்கப்பால் கடலும் விரிந்து கிடந்தன. இறக்கம் தொடங்கியதும் பெட்டியைத் தட்டிவிட்டார். டிங்டிங்கென்று மலையே அதிர்ந்தது.

சோக்சோ கடற்கரைச் சாலை, சாயங்காலக் கூட்டம். சிகப்பு விளக்கில் பதினோரு பேரும் நின்றார்கள். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். மா கி-சோல் நாக்கைக் கடித்துக்கொண்டு அவசரமாகப் பாட்டைக் குறைத்தார். எஸ்பிரஸ்ஸோ கையை நீட்டி, பெட்டியின் திருகைச் சத்தம் கூடும் பக்கம் கடைசி வரைக்கும் திருப்பினான்.