இடுப்புக்கு மேலே

எனக்குப் படமெடுப்பதில் பைத்தியம். ஆனால் ஆட்களை எடுப்பதில் அல்ல. ஜேர்மனியிலிருந்த என் தமையன் எண்பத்தாறில் ஒரு கமெரா அனுப்பியபோது, நான் எடுத்த முதற் படம் வேலியில் குந்தியிருந்த ஒரு காகம். இரண்டாவதும் காகம்தான், முதலாவது அசைந்துவிட்டது. நல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் ஒழுங்கையிலிருந்த சனம், காகத்துக்குப் படம் பிடிக்கிறவர் போகிறார் என்று கொஞ்சக் காலம் பகிடி பண்ணியது. பண்ணட்டுமே. நாள் முழுக்கக் கந்தோர் வேலையில் மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்குக் காகம் எவ்வளவோ மேல்.

அந்த நிம்மதி கனகாலம் நிலைக்கவில்லை. எங்கள் ஊரில் செத்தவீடு என்றால் படம் எடுத்தாக வேண்டும். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருப்பார்கள், வரமுடியாது. பெட்டியைச் சுற்றி இனசனம் நிற்கிற படமொன்று போய்ச் சேர்ந்தால்தான் அங்கே அழுகிறவர்களுக்கு ஒரு ஆறுதல். தொண்ணூறில் சண்டை மூண்டு மின்சாரமும் போய், அரசாங்கம் பற்றரிக்கும் தடை போட்டதும், ஊரிலிருந்த புதுக் கமெராக்கள் எல்லாம் அலுமாரிக்குள் படுத்துவிட்டன. என்னுடையது பற்றரி கேளாத, பெருவிரலால் தள்ளி ஓட்டுகிற வகை. ஆகவே காகக்காரன் செத்தவீட்டுப் படக்காரன் ஆனேன்.

தரைப்பாதை மூடியிருந்ததால், கிளாலிக் கடலைப் படகில் தாண்டி யாராவது பிலிம் றோல் கொண்டுவந்தால் உண்டு. எடுத்ததைக் கழுவவும் இங்கே வழியில்லை. றோல் அதே கடலால் கொழும்புக்குப் போய், அங்கே கழுவப்பட்டு, அங்கிருந்தே வெளிநாட்டுக்குத் தபாலில் போய்விடும். அந்த வருடங்களில் நான் எடுத்த படங்களில் முக்கால்வாசியை நான் கண்ணால் கண்டதில்லை. இப்படியொரு பொழுதுபோக்கு வேறு யாருக்கு வாய்க்கும்?

அடுத்த வளவில் ஒரு மாமி இருந்தார். சொந்த மாமி இல்லை, அம்மாவின் சிநேகிதி. புருஷன் முன்னமே தவறிவிட்டார். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு ஊரில் இளந்தாரிகளை வைத்திருக்கப் பெற்றவர்கள் பயந்த நேரத்தில், மாமியும் இருந்த நகையை விற்று ஒரே மகனைப் பிரான்சுக்கு ஏற்றிவிட்டார். அவன் போகும்போது தங்கச்சி பாவாடை சட்டையோடு திரிந்த சின்னப் பெட்டை. எண்பத்தேழில் மாமி கிணற்றடியில் நின்றபோது ஒரு ஷெல் விழுந்தது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் மாமியின் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமி கூப்பிட்டனுப்பியது என்னைத்தான். நான் சுகம் விசாரிக்க வாயெடுக்கும் முன்னர் கமெராவைக் கொண்டுவரச் சொன்னார்.

"தம்பி, இடுப்புக்கு மேலை எடும். கால் தெரியப்படாது. அவன் அறிஞ்சானெண்டால் அடுத்த பிளேனிலை வந்து நிப்பான். வந்தால் ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். கால் போனது போனதுதான், அவனையும் குடுக்கேலாது."

ஓம் என்றேன். நான் உயிரோடு இருக்கும்வரை என் கமெராவால் அவனுக்கு அந்தக் கால் தெரியவராது என்று வாக்கும் கொடுத்தேன். மாமி ஒழுங்கை முழுவதையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இதே சத்தியத்தை வாங்கினார். எங்கள் ஒழுங்கை வாயை மூடிக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை. ஆனால் மூடிக்கொண்டது. வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதிய ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை.

முதல் ஒன்றிரண்டு படங்களில் மாமி கதிரையில் இருந்தார். பிறகு மகன், ஏனம்மா எந்தப் படத்திலும் இருந்துகொண்டே இருக்கிறாய், நிற்கிற மாதிரி ஒன்று அனுப்பேன் என்று எழுதினான். சும்மா கேட்டிருப்பான். மாமிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் சந்தேகப்பட்டுவிட்டான் என்றே நினைத்தார்.

வழி கண்டுபிடித்தது மகள். அதற்குள் அவள் படிப்பை விட்டிருந்தாள். தாயைத் தூக்குவது, குளிக்கவார்ப்பது, புண்ணைக் கழுவித் துணி கட்டுவது, தண்ணீர் அள்ளுவது, சமைப்பது எல்லாம் அவள்தான். கொய்யா மரத்தடியில் தாயை ஒற்றைக் காலில் நிறுத்தி, தான் கீழே குந்தி, இரண்டு கையாலும் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மாமி கொப்பொன்றை ஒரு கையால் பிடித்தபடி, ஏதோ பூப்பறிக்க வந்தவர் போலச் சிரித்தார். கமெராவுக்குள்ளால் பார்த்தால் பெட்டையின் தலைமயிர் தெரியும். இன்னும் பணிஞ்சிரு பிள்ளை, என்பேன். பணிவாள். நானோ வெயில் சரியில்லை, முகத்தில் இலை நிழல் விழுகிறது என்று முணுமுணுத்துக்கொண்டு முன்னும் பின்னுமாக நடப்பேன். ஒருமுறை இரண்டு பேருமாக நிலத்தில் விழுந்தார்கள். மாமி விழுந்த இடத்திலிருந்தே சிரித்தார். பெட்டையின் முழங்கை உரஞ்சி இரத்தம் வந்தது. துடைத்துவிட்டுத் திரும்பவும் நிறுத்தி எடுத்தோம்.

வருடத்துக்கு ஒன்று என்று இப்படியே போனது. பிலிமுக்கு இருந்த பஞ்சத்தில் அந்த வீட்டுக்கு ஒரு படமென்றால் அது மாமிதான். ஒருமுறை மட்டும், உன்னையும் ஒண்டு எடுப்பமோ என்று பெட்டையைக் கேட்டேன். அவள் அழுக்கேறிய தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். பிறகு எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, தாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மகனின் கடிதங்களிலோ சந்தோஷம் பொங்கியது. நல்லாய் இருக்கிறாய் அம்மா, முகம் தெளிந்திருக்கிறது என்று எழுதுவான். மாமி அதை எனக்கு வாசித்துக் காட்டுவார். நல்ல படம் எடுத்தேன் என்று எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

தொண்ணூற்றுமூன்றில் மாமிக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துக்கு அலைந்தோம். கிடைத்தது போதவில்லை. ஒரு விடியற்காலையில் மாமி போய்விட்டார்.

செத்தவீட்டில் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது வழக்கம். குளிப்பாட்டிய பெண்கள் துணிக் கீலத்தைக் கையில் எடுத்த பிறகுதான், கட்டுவதற்கு மற்றக் கால் இல்லையென்று நினைவுவந்து திகைத்து நின்றார்கள். கடைசியில் அந்த ஒரு விரலிலேயே சுற்றி முடிந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வழமையாகக் காலடியில் நின்றுதான் எடுப்பேன். அப்போதுதான் முகமும், சுற்றி நிற்கிற சனமும் சேர்ந்து விழும். அன்றைக்குத் தலைமாட்டுப் பக்கம் போனேன். சேலையை நெஞ்சுவரைக்கும் இழுத்து மூடி, இனசனத்தை நெருக்கமாக நிறுத்தி ஒன்று எடுத்தேன். மகள் அந்தக் கூட்டத்தில் நிற்கவில்லை. றோலில் இன்னும் ஒன்றுதான் மிச்சம். கமெராவை மூடலாம் என்று நினைத்தபோது அவள் வந்தாள். எல்லாரையும் கொஞ்சம் விலகச் சொன்னாள். பிறகு தாயின் சேலையைக் காலடியிலிருந்து மேலே ஒதுக்கினாள்.

"இனி முழுசா எடுங்கோ அண்ணை."

அம்மாவுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன் பிள்ளை, என்றேன். சனம் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு பெரியவர் வேண்டாமென்று தலையசைத்தார்.

"அம்மா பயந்தது எங்கடை அண்ணை வந்திடுவார் எண்டுதானே. இனி வந்தாலென்ன, வராட்டிலென்ன? அம்மா எப்பிடி இருந்தவ எண்டு அவருக்குத் தெரியோணும்." என் முகத்தை நேரே பார்த்தாள். "அந்தச் சொல்லை இவ்வளவு வருசமும் காப்பாத்தினது நான். நீங்கள் கமெராவைத் திருப்பினியள், அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரியென்பதால் இன்னும் கூட வந்தது. காலடிப் பக்கம் போய் நின்றேன். அவள் தாயின் காலடியோரம் நிலத்தில் குந்தி, துண்டிக்கப்பட்ட அந்தக் காலின் மேல் கையை வைத்துக்கொண்டாள். தலைவிரி கோலம், இரண்டு மூன்று நாள் நித்திரை இல்லாத முகம். இந்தமுறை பணிந்திரு என்று நான் சொல்லவில்லை. எடுத்தேன்.

றோல் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று கனநாள் தெரியவில்லை. எனக்கு அது பெரும் மனப்பாரமாக இருந்தது. கடலில் தொலைந்துபோனால் நல்லது என்று சில நாளும், போய்ச் சேர வேண்டும் என்று சில நாளும் நினைத்தேன். அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கொழும்பிலிருந்து யாராவது வந்தார்கள் என்று கேள்விப்பட்டால் எங்கள் வீட்டுப் படலைவரை வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருவர் சைக்கிளில் வந்தார். கொழும்புக்குப் போயிருந்த அவரிடம், ஊருக்குப் போனதும் தங்கச்சியைப் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்று மகன் ரெலிபோனில் கேட்டிருக்கிறான். படங்களை வந்தவர் பார்த்ததில்லை. மகன் சொன்னதை அப்படியே சொல்ல வந்தவர். அவள் என்னையும் கூப்பிட்டாள். வந்தவருக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படம் கிடைத்ததாம். காலைக் கண்டுவிட்டு மகன் கதைக்க முடியாமல் அழுதானாம். ஏன் ஒருவரும் தனக்குச் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டானாம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. வந்தவர் இன்னும் முடிக்கவில்லை.

"ஒரு படத்திலை, காலடியிலை ஒரு மனிசி இருக்கிறாவாம். அவ ஆரெண்டு கேட்டவர். அம்மாவைப் பார்க்கச் சம்பளத்துக்கு வைச்சிருந்த ஆளெண்டால் அவவுக்குத் தான் ஏதும் செய்யோணுமாம். தங்கச்சி ஏன் ஒரு படத்திலையும் நிக்கேல்லை எண்டும் கேட்கச் சொன்னவர்."

நான் வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"அவவுக்கு ஒண்டும் வேண்டாமாம் எண்டு சொல்லிவிடுங்கோ," என்றாள்.

வந்தவர் சரியென்று தலையாட்டிவிட்டு, மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார்.