மைக் அக்காவின் ஜன்னல் சீட்

பேருந்து நிலையத்தின் அறிவிப்பு அறையில் பதினோரு வருடமாக இருப்பவளுக்கு ‘மைக் அக்கா’ என்று பெயர். மைக் போய்க் கணினி வந்த பிறகும் பெயர் போகவில்லை. அவள் பதிந்து வைத்த குரலை இப்போது கணினியில் எழுதிவைத்த ஒரு ஸ்கிரிப்ட்தான் நேரம் பார்த்துப் பேசவைக்கிறது. அதை எழுதும் எடிட்டர் மென்பொருளில் இரண்டு முறைகள். தொடக்க முறையில் வண்ணக் கட்டங்கள்: ‘பஸ் வந்தால்’, ‘மணி அடி’, ‘மேடை எண் சொல்’. இழுத்து ஒட்டினால் போதும். மேம்பட்ட முறையில் கட்டம் கிடையாது. எறும்பு ஊர்வதுபோல வெறும் வரிகள்.

“அதெல்லாம் நம்ம மண்டையில ஏறாது சார்” என்று மேலாளரிடம் சொல்லியே நாலு வருடம் ஓட்டிவிட்டாள். உண்மையில் ஏறி ரொம்ப நாளாயிற்று. ஆனால் அந்த அறையில் ஒரு வழக்கம்: மேம்பட்ட முறையில் கைவைத்தவர்தான் அன்று மாலை கடைசிவரை இருந்து கோளாறு பார்க்க வேண்டும். அக்காவுக்கோ ஐந்து பத்துக்குக் கிளம்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட் வேண்டும். வீட்டில் ஆறு பேர். அந்த நாற்பது நிமிடப் பயணம்தான் அவளுடையது.

அன்று மதியம், ஐந்தாம் மேடைக்கு வரும் என்று அறிவித்த பஸ் இரண்டாம் மேடையில் போய் நின்றது. மேடை மாறுவதெல்லாம் கட்டங்களுக்குத் தெரியாது. மூட்டையும் பிள்ளையுமாக ஒருத்தி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி, கடைசியில் பஸ்ஸின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அறிவிப்பு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டிபன் டப்பாவை மூடிவிட்டு மேம்பட்ட முறைக்குத் தாவினாள். ஆறு வரி. மேடை மாறினால் பழைய அறிவிப்பை நிறுத்து, புதியதைச் சொல், பஸ் கிளம்பிவிடாதபடி புறப்பாட்டு விளக்கை மூன்று நிமிடம் சிவப்பிலேயே வை. ‘ஓட வேண்டாம், பஸ் நிற்கும்’ என்று தன் குரலிலேயே பதிந்தும் சேர்த்தாள். பிறகு பூனைபோலத் தொடக்க முறைக்குத் திரும்பப் போனாள். திரை கேட்டது: ‘திரும்பினால், கட்டமாகக் காட்ட முடியாத ஆறு வரிகளும் அழியும். சரியா?’

படியில் மேலாளரின் செருப்புச் சத்தம். விரல் ‘சரி’யின் மேலேயே நின்றது. அப்புறம் நகர்ந்து ‘வேண்டாம்’ அழுத்தியது.

“என்னம்மா, கட்டத்தையெல்லாம் காணோம்?”

“நான்தான் சார் மாத்தினேன்.”

“மண்டையில ஏறாதுன்னீங்க?”

“இன்னிக்குத்தான் சார் ஏறிச்சு.”

“நல்ல நாள் பாத்துத்தான் ஏறியிருக்கு. அப்ப சாயங்காலம் நீங்கதான்.”

ஏழு மணிக்கு அவள் பையோடு இறங்கியபோது, அவள் ஏற வேண்டிய பஸ் நாலாம் மேடையிலிருந்து முதல் மேடைக்கு மாறியிருந்தது. ஓட எடுத்த காலைத் தலைக்கு மேலிருந்து அவள் குரலே தடுத்தது: “ஓட வேண்டாம், பஸ் நிற்கும்.”

நின்றது. உட்காரத்தான் இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒருவரின் தோளுக்கு மேலாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனாள்.