காப்புக் கட்டிய ஊரில் ஒரு பிறந்தநாள்

என் மகன் பிறந்தது தை மூன்றாம் தேதி, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள். வீட்டில் கரும்பு கிடக்கும், புதுச்சட்டை இருக்கும், ஊரிலிருந்து வந்த சனம் இன்னும் கிளம்பியிருக்காது. அவனுக்கென்று யாரும் ஒரு துரும்பையும் அசைக்க வேண்டியதில்லை. ஊரே சேர்ந்து அவன் பிறந்தநாளைக் கொண்டாடிவிடும். அவனும் சின்ன வயதில் பொங்கலே தனக்காகத்தான் வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தான்.

மகள் அவனுக்கு மூன்று வயது இளையவள். அவள் பிறந்தது பங்குனியில், அம்மனுக்குக் காப்புக் கட்டிய நாலாம் நாள். எங்கள் ஊரில் பங்குனி முதல் செவ்வாய் காப்பு, அடுத்த செவ்வாய் கோயில் பொங்கல். காலண்டரை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அவள் தேதி அந்த எட்டு நாளுக்குள்தான் விழும். நான் பத்து வருஷக் காலண்டரைப் போனில் பார்த்துவிட்டேன். ஒரு வருஷமும் தப்பவில்லை.

காப்புக் கட்டிவிட்டால் ஊரில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. வறுக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, கறி, முட்டை கூடாது. வெளியூர் போகலாம், ஆனால் ராத்தங்கக் கூடாது. ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் நாலு வீடு தள்ளி மூக்கைச் சுளிப்பார்கள். திருச்சுழி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் இடத்தில் வேப்பிலைத் தோரணத்தைப் பார்த்ததுமே என் நாக்கு செத்துப்போகும். நான் காரியாபட்டியில் பிறந்து வளர்ந்தவள். அங்கே எங்கள் தெருவில் பிறந்தநாள் என்றால் கேக், மெழுகுவத்தி, பலூன். இங்கே வாக்கப்பட்ட பிறகு, என் மகளின் பிறந்தநாளுக்குத் தாளிக்காத பருப்பும் மோரும்தான்.

முதல் மூன்று வருஷம் பொறுத்துப் போனேன். "சித்திரையில வச்சுக்கிருவோம்" என்பார் வீட்டுக்காரர். அவர் லோடு வண்டி ஓட்டுகிறவர். சித்திரையில் மிளகாய் வத்தல் லோடு, பருத்தி லோடு என்று ஆளையே பார்க்க முடியாது. சித்திரை போய் வைகாசியும் போய்விடும். பிள்ளைக்கு ஒரு கவுன் எடுத்துக்கொடுத்ததோடு அந்த வருஷம் முடிந்துவிடும்.

நாலாவது வருஷம் எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. நான் அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறேன். பிறந்தநாளன்று வேலை முடிந்து வரும்போது பேக்கரியில் ஒரு கிலோ கேக் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பங்குனி வெயிலில் கிரீம் இளகி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. முட்டை போடாதது என்றுதான் கேட்டு வாங்கினேன். கடைக்காரர் சொன்னதை நம்பினேனா என்று இப்போது கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. மகள் ஊதினாள், வெட்டினாள், மூக்கெல்லாம் கிரீம் பூசிக்கொண்டாள். பக்கத்து வீட்டிலிருக்கும் என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு மூத்தவர், நான் மதினி என்று கூப்பிடுகிறவர், "காப்பு நேரத்துல என்ன இதெல்லாம்" என்று முனகிக்கொண்டே ரெண்டு துண்டு சாப்பிட்டார். ரெண்டாவது துண்டை அவரே கேட்டு வாங்கினார். இதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

கேக் வெட்டிய ஆறாம் நாள் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. மறுநாள் முதுகிலும் வயிற்றிலும் நீர்க்கொப்புளம். அம்மை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அவள் பால்வாடியில் ஏற்கெனவே நாலு பிள்ளைகளுக்குப் போட்டிருந்தது. டாக்டரம்மாவும், "இது ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே ஒட்டியிருக்கும்" என்றார். அதை நான் மதினியிடம் ஒரு வெற்றியோடு போய்ச் சொன்னேன். "கேக்கு வாங்குறதுக்கு முன்னாடியே வந்துருச்சாம், மதினி."

அவர் அசரவில்லை. "நீ வாங்கப் போறேன்னு ஆத்தாளுக்கு முன்னாடியே தெரியாதாக்கும்?" என்றார்.

வேப்பிலையைப் பரப்பிப் பிள்ளையைப் படுக்க வைத்தோம், இளநீர் கொடுத்தோம், டாக்டரம்மா கொடுத்த மருந்தையும் தடவினோம். மூன்று தண்ணீர் ஊற்றி எழுந்தாள். நெற்றியில் ஒரு தழும்போடு போயிற்று. ஆனால் அந்தப் பத்து நாளில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மதினி வாசலில் நின்று ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "இவ பொறந்த நாளே ஆத்தாளுக்கு ஆகலை." நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன புரியும் என்று நான் சும்மா இருந்துவிட்டேன். வாய்க்கு வாய் பேசுகிறவள், பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தேன். அதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

மறு வருஷம் அவள் யூகேஜி. மாசிக் கடைசியில் ஒருநாள் அவள் பையில் டிபன் டப்பாவைத் தேடும்போது, கசங்கிய காகிதப் பூ ஒன்று கையில் வந்தது. நடுவில் அவள் போட்டோ. வகுப்புச் சுவரில் மாதவாரியாகப் பிறந்தநாள் பூக்களை ஒட்டி வைத்திருப்பார்கள். தன் பூவை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஏன் பிய்ச்ச?"

"எனக்குப் பொறந்தநாள் வேணாம்மா. ஆத்தாளுக்குப் பிடிக்கலையாம். மறுபடியும் அம்மை வரும்."

அழவில்லை அவள். பென்சில் தொலைந்துவிட்டது என்று சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள். ஐந்து வயது ஆகப்போகிற பிள்ளை, தான் பிறந்த நாளைப் பார்த்துப் பயப்படுகிறது. அந்தப் பயத்தை அவளுக்குள் போட்டது மதினியின் வாய் பாதி, என் மௌனம் பாதி. அன்றைக்கு முடிவெடுத்தேன். சித்திரையும் கிடையாது, வைகாசியும் கிடையாது. அதே தேதியில், காப்புக் கட்டிய அதே எட்டு நாளுக்குள், அதே தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அவளுக்குப் பிறந்தநாள் நடக்கும். அம்மனோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது போல, நடுவில் நிற்கிறவர்களோடுதான் சண்டை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ பிடிச்ச முயலுக்கு மூணே காலு" என்றார்.

"மூணு காலோட ஓடட்டும். நீங்க அன்னைக்கு வண்டிய எடுக்காம வீட்ல இருங்க, போதும்."

ஒரு வாரம் யோசித்தேன். எண்ணெய் இல்லாமல், வறுக்காமல், முட்டை இல்லாமல் இனிப்பாக ஒன்று வேண்டும். பார்க்க கேக் மாதிரி இருக்க வேண்டும். அதன்மேல் தீபம் எரிய வேண்டும். ஒருநாள் கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று உறைத்தது. அது ஏற்கெனவே எங்கள் ஊரில் இருக்கிறது. மாவிளக்கு! ஊறவைத்த பச்சரிசியை இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து நெய் ஊற்றித் திரி போடுவது. காப்பு நாளில் அதற்கு மட்டும் யாரும் தடை சொல்ல முடியாது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் என்ன ஏது என்று கேட்டாள்.

நேரே மதினியிடமே போனேன். ஊரில் அவரைப் போல் மாவிளக்கு மாவு பிசைய ஆள் கிடையாது. விரிசல் விடாது, நெய் கசியாது.

"மதினி, பிள்ளைக்கு ஒரு மாவிளக்கு போடணும். அஞ்சு திரி. நீங்கதான் பிசைஞ்சு குடுக்கணும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நேத்திக்கடனா? போன வருசம் அம்மை வந்துச்சுல்ல, போட வேண்டியதுதான். இப்பவாச்சும் புத்தி வந்துச்சே."

"பிள்ளைக்காகத்தான்" என்றேன். பொய் சொல்லவில்லை. முழுவதையும் சொல்லவும் இல்லை.

பிறந்தநாளன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, எங்கள் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் பித்தளைத் தாம்பாளத்தில் மாவை வட்டமாகத் தட்டி வைத்தார் மதினி. அசல் கேக்தான். ஐந்து குழி, ஐந்து திரி, சுற்றிலும் சந்தனப் பொட்டு, குங்குமம். நான் ஓரத்தில் வேப்பம்பூவும் மல்லிகையும் வைத்தேன். மகள் மஞ்சள் பாவாடை கட்டிக்கொண்டு, என் முந்தானையைப் பிடித்தபடியே நின்றாள். கை சில்லென்று இருந்தது. "ஆத்தாளுக்குப் போடுற விளக்கு, உனக்காக. கோவிக்கமாட்டா" என்று காதில் சொன்னேன். தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் ஏன் இத்தனை என்று மதினி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. திரிகளை ஏற்றினேன்.

பிள்ளைகள் பிறந்தநாள் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். எந்தத் தெருப் பிள்ளைக்குத்தான் அந்தப் பாட்டுத் தெரியாது? மதினிக்கு விஷயம் புரிந்து வாயைத் திறக்கப்போன நேரம், பாட்டு முடிந்தது. என் மகன் உற்சாகத்தில் கத்தினான்.

"ஊது, ஊது!"

அவள் குனிந்து, கன்னம் இரண்டையும் உப்ப வைத்து, ஒரே மூச்சில் ஐந்தையும் ஊதி அணைத்துவிட்டாள்.

எல்லாவற்றையும் யோசித்த நான் இதை யோசிக்கவில்லை. விளக்கை வாயால் ஊதுவது எங்கள் வீடுகளில் கிடையவே கிடையாது. பூவால் ஒற்றி எடுப்போம். அணைந்தது என்றுகூடச் சொல்லமாட்டோம், குளிர்ந்தது என்போம். அதிலும் அம்மனுக்கு ஏற்றிய மாவிளக்கு, அதுவும் காப்புக்குள்! பிள்ளைகள் கைதட்டப் போய், தட்டாமல் நிறுத்தினார்கள். நெய்ப் புகை நூல் நூலாக ஏறியது. "அடிப்பாவி!" என்று மதினி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மகள் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் மதினியைப் பார்க்கவில்லை, சாமி படத்தையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். போன வருஷம் நான் வாய் மூடி நின்றதும் இப்படியொரு நேரத்தில்தான். எனக்கும் பயம்தான், அது உண்மை. ஆனால் அன்றைக்கு நான் வாயை மூடினால் அந்தப் பிள்ளை இனி எந்தப் பங்குனியிலும் நிம்மதியாகச் சிரிக்காது.

"அணைஞ்சா என்ன? ஏத்த வேண்டியதுதான்" என்றேன் சத்தமாக. தீப்பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "நீயே ஏத்து. ஆத்தா பாத்துக்கிட்டுத்தான் இருக்கா. உனக்கு எத்தனை தடவ ஏத்தத் தெரியுதுன்னு பாக்கட்டும்."

குச்சி ரெண்டு முறை ஒடிந்தது. மூன்றாவதற்கு அவள் கைமேல் என் கையை வைத்தேன். முதல் திரி பற்றியது. ரெண்டாவது குழியில் நெய் வற்றியிருந்ததால் பற்றவில்லை. அவள் திரும்பவும் என்னைப் பார்த்தாள். அப்போது, உட்கார்ந்த இடத்திலிருந்தே மதினி நெய்க் கிண்ணத்தை நகர்த்தினார்.

"நெய்ய ஊத்து. மாவெளக்க அணஞ்ச மேனிக்கு விடக் கூடாது" என்றார் கோபம் மாறாமலே. பிறகு அவரே எழுந்து வந்து ஐந்து குழியிலும் ஊற்றினார். சட்டம் பேசுகிறவருக்குச் சட்டம்தான் மருந்து. ஐந்தும் எரிந்தன. பிள்ளைகளுக்கு இப்போதுதான் கைதட்டத் தைரியம் வந்தது. விளக்கு தானாகக் குளிர்ந்த பிறகு மாவைப் பிட்டு ஆளுக்கொரு உருண்டை கொடுத்தாள் மகள். மதினியும் ஒன்று வாங்கிக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும், "ரெண்டு வாரம் போகட்டும், பாப்போம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ரெண்டு வாரம் இருக்கிறதே! அம்மை ஒருமுறை வந்தவர்களுக்குப் பொதுவாக மறுபடி வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தென்ன? தினம் காலையில் பின்கட்டில் அவளைக் குளிப்பாட்டும்போது கண் தானாக முதுகுக்குப் போகும். அக்குள், காது மடல், வயிற்று மடிப்பு என்று ஓர் இடம் விடமாட்டேன். ஒரு வேர்க்குருவைக் கண்டு ஒரு நாள் முழுக்கக் கடையில் வேலை ஓடவில்லை. ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவள் கதை இப்படி. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை, சிரிப்பார்.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ இருக்கும். முதுகில் சோப்பைப் போடாமல் விரலால் தடவிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா தேடுற?"

"ஒண்ணுமில்ல. அழுக்கு இருக்கான்னு பாக்குறேன்."

"அம்மை இருக்கான்னுதான பாக்குற?"

அவள் செம்பைத் தூக்கித் தானே தலையில் ஊற்றிக்கொண்டு, முகத்தை வழித்துவிட்டுச் சொன்னாள்.

"வந்தா வேப்பிலையில படுத்துக்கிருவேன். தண்ணி ஊத்துனா போயிரும். என் பொறந்தநாளு போகாதுல்ல?"

"போகாது" என்றேன். "ஒருத்தராலயும் அதக் கொண்டு போக முடியாது."

"அப்பறம் நீ ஏன் பயப்படுற?" என்று கேட்டுவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். நான் சோப்பை எடுத்தேன். முதுகைப் பார்க்கவே இல்லை, தேய்த்துத்தான் விட்டேன்.