பின்சீற்றை அக்கா துடைத்த நாள்

எங்கள் அக்கா கட்டைபறிச்சானில் பிறந்தவர். ஐயாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் குடும்பம் திருகோணமலை நகரத்துக்கு வந்து சேர்ந்தது. அம்மா நோயில் விழுந்த பிறகு குசினிச் சமையலும் நானும் அக்காவின் பொறுப்பாகிவிட்டோம். என் தலையை இழுத்துப் பின்னிக்கொண்டே வாய்விட்டுப் பாடம் படித்துத்தான் அவர் பரீட்சை எழுதினார், அரசாங்கத்தில் எழுதுவினைஞரானார். யுத்தப் பிரச்சினைக் காலத்தில் பல வீடுகள் பூட்டிக் கிடந்தபோதும் வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. அவருக்குக் கோபம் சட்டென்று வரும். மன்னிப்புக் கேட்க மாட்டார். பதிலாக இடியப்பம் அவித்துக் கொண்டுவந்து வைப்பார்.

அத்தான் துறைமுக இழுவைப் படகுகளில் இயந்திரம் பார்த்தவர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கலியாணமாகிச் சில வருடங்களில் அத்தான் ஒரு பழைய கார் வாங்கினார். அதில் கருஞ்சிவப்புத் தோல் சீற்றுகள் இருந்தன. "எஞ்சின் பார்க்கத் தெரிஞ்ச மனுசன் சீற்றைப் பார்த்து மயங்கிப் போனார்" என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். அக்காவுக்குக் கார் ஓடப் பழக்கியவரும் அத்தான்தான். அக்கா காரை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவதை அயலவர்கள் கொஞ்சக் காலம் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து சாப்பிட இருந்தபோது அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நானும் அன்று அங்கே இருந்தேன். இருவருமாக அவரைத் தாங்கிப் பின்சீற்றில் ஏற்றினோம். அவருடைய தலையை என் மடியில் வைத்திருந்தேன். அவர் சத்தி எடுத்தது சீற்றிலும் வழிந்தது. அக்கா காரை ஓட்டினார். ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்றார்.

அடக்கம் முடிந்ததும் அக்கா காரைக் கொட்டிலில் விட்டுத் தார்ப்பாய்ப் படங்கால் மூடினார். அதன்பின் அவர் கார் ஓடவில்லை. அதை விற்கச் சொன்னால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். அத்தானின் பெயரை எடுத்தாலும் அப்படித்தான்.

வருடங்கள் போயின. என் மகளுக்குக் கலியாணம் பேசி முற்றானபோது அக்கா ஓய்வு பெற்றிருந்தார். மகள் அவரிடம் போய், "பெரியம்மா, கோயிலுக்கு நான் உங்கட காரிலதான் போவன். நீங்கதான் ஓடவேணும்" என்றாள். சில நாள் கழித்து அக்கா என் வீட்டுக்கு வந்து, "பழைய பனியன் துணி இருந்தாத் தா" என்று மட்டும் கேட்டார்.

படங்கை எடுத்தபோது புழுங்கிய நாற்றம் மூக்கில் அடித்தது. உப்புக்காற்றில் தோல் காய்ந்து வெடித்திருந்தது. எங்கும் பூஞ்சணம். பின்சீற்றில் அன்றைய கறை கறுத்துக் கிடந்தது. அக்கா அதன்மேல் ஒரு துவாயைப் போட்டு மூடிவிட்டு முன்சீற்றில் தொடங்கினார்.

பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு முதலில் தேங்காய் எண்ணெய் பூசினார். அன்று சீற்று பளபளத்தது. மறுநாள் பிசுபிசுத்து, தூசெல்லாம் வந்து அப்பிக்கொண்டது, எறும்பும் ஏறியது. எண்ணெய் பூசச் சொன்னது நான்தான் என்பதுபோல அக்கா என்னைக் கோபித்தார். பிறகு கிண்ணியாவில் குஷன் வேலை செய்யும் முஸ்லிம் அண்ணர் ஒருவரை, எல்லோரும் நானா என்று கூப்பிடுபவரை, கூட்டி வந்தார்.

"ஆரு இதுக்கு எண்ணெ பூசின?" என்று கேட்டார் நானா.

"நான்தான்" என்றார் அக்கா.

"முதல்ல அத எடுக்கணும் தங்கச்சி. ரெக்சின் போடுறதெண்டா கெதியா முடிச்சுத் தருவன். தோல்தான் வேணுமெண்டா சுணங்கும்."

"சுணங்கட்டும். தோல்தான் வேணும். நானே செய்யிறன், நீங்க சொல்லித் தாங்க."

மெல்லிய சவர்க்கார நுரையை மென்மையான பிரஷால் தேய்த்து, ஈரத்துணியால் உடனே ஒற்றி எடுக்க வேண்டும். தோல் ஊறக் கூடாது. நிழலில்தான் காயவிட வேண்டும். காய்ந்ததும் தோலுக்குரிய கிரீமைப் பூசி, அது உள்ளே இழுபட்ட பிறகு மறுபடி பூச வேண்டும். வெடிப்புகளைப் பசையால் நிரப்பி, நைசான மண் கடதாசியால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். பிய்ந்த தையலை நானா தைத்துக் கொடுத்தார். மற்றதெல்லாம் அக்காவின் கை வேலை. கட்டையாகக் கிடந்த முன்சீற்றுகள் மெல்ல மெல்ல இளகின.

பின்சீற்றை மட்டும் அவர் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் பின்னேரம் நான் போனபோது துவாய் நிலத்தில் கிடந்தது. அக்கா திறந்த கதவடியில் முழங்காலில் நின்று கறையில் நுரை போட்டுக்கொண்டிருந்தார். நான் மறுபக்கத்தால் ஏறி ஈரத்துணியால் ஒற்றினேன்.

"அண்டைக்குச் சந்தியில ஒரு லொறி மறிச்சுக்கொண்டு நிண்டது" என்றார் அக்கா திடீரென்று. "ஹோர்ன் அடிச்சு அடிச்சுப் பார்த்தனான், விலகேல்ல. ஓரத்தால ஏத்தி எடுத்திருக்கலாம். நான் பயந்திட்டன். அதாலதான் அவர் போனவர்."

அத்தனை வருடமும் அவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அக்கா, சந்திக்கு வரேக்க அத்தான் உயிரோட இல்ல."

"என்ன கதைக்கிறாய்?"

"வீட்டுக் கேற்றடியிலயே போயிட்டார். கார் றோட்டில ஏறேக்க அவற்ர கை கீழ விழுந்தது. நான் தூக்கி வச்சனான், திரும்பவும் விழுந்தது. மூச்சு இல்ல. என்ர மடியிலதானே கிடந்தவர்."

"என்னைத் தேத்துறதுக்குச் சொல்லாத."

"தேத்தேல்ல. நீங்க பறந்து போயிருந்தாலும் ஏலாது."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்ல?"

"நீங்க கதைக்க விட்டனீங்களா? பேரை எடுத்தாலே எழும்பிப் போயிடுவீங்க."

அக்கா பிரஷைக் கீழே வைத்தார். நனைந்த சீற்றிலேயே ஏறி இருந்து அழுதார். அத்தானின் செத்தவீட்டில்கூட அவர் அப்படி அழுததை நான் காணவில்லை. அழுது முடிந்ததும் பார்த்தால் அவருடைய உடுப்பெல்லாம் நுரை. "எழும்பு, எழும்பு, தோல் ஊறப் போகுது" என்று என்னை விரட்டினார்.

கறை முழுவதும் போகவில்லை. நானா கலந்து கொடுத்த கருஞ்சிவப்புச் சாயத்தை ஸ்பொஞ்சால் மெல்ல மெல்ல ஒற்றி, மேலே காப்புப் பூச்சும் பூசிய பிறகு அது மறைந்தது. நன்றாகக் காய்ந்ததும் வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தோம். மகளின் வெள்ளைச் சேலைதான் எல்லோர் நினைப்பிலும் இருந்தது. துணியில் நிறம் ஏறவில்லை. எங்களுக்கு முந்தி நானாதான் பெருமூச்சு விட்டார்.

கலியாணத்துக்குச் சில நாள் இருக்க, மாப்பிள்ளையின் தாயார் என்னைத் தனியே கூப்பிட்டார். "அந்தக் காரிலதானே உங்கட அத்தானுக்கு உயிர் போனது? கலியாணப் பொம்பிளையை அதிலயோ ஏத்தப் போறியள்?" என்று கேட்டார். பின்னால் வந்த மகள்தான் பதில் சொன்னாள்: "மாமி, பெரியப்பா என்னைத் தூக்கி வளர்த்தவர். கோயில் வரைக்கும் அவரும் வாற மாதிரி இருக்கட்டும்." அந்த அம்மா, "சரி பிள்ளை" என்று அவளுடைய கன்னத்தைத் தடவினார்.

கராஜில் எஞ்சினைத் திருத்தி எடுத்து, அக்கா கடற்கரை வீதியில் ஓடிப் பழகியிருந்தார். கலியாண நாளில் அந்தச் சந்தி வந்தபோது நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேகத்தைக் குறைத்தார், எதிரே வந்த ஓட்டோவுக்கு வழி விட்டார், போனார். கோயில் வாசலில் மகள் சேலையில் ஒரு பொட்டுக் கறையும் இல்லாமல் இறங்கினாள்.

அதன்பிறகு அக்கா கார் ஓடாத கலியாணம் எங்கள் பக்கத்தில் குறைவு. கிண்ணியாவில் நானாவின் மகளும் அந்தப் பின்சீற்றில்தான் போனார். மூதூருக்கும் கார் போய் வந்தது. சீற்றை அக்கா வேறு யாரையும் துடைக்க விடமாட்டார்.

கடைசிக் காலத்தில் வந்த நோய் முற்றியபோது அக்கா டொக்டரிடம் விவரமாகக் கேட்டறிந்து, "வீட்டை போவம்" என்றார். நோவு அவரை அதிகம் வருத்தவில்லை. ஒரு காலைநேரம் கஞ்சி குடித்தபின், என் மகளோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதே அடங்கினார்.

வீட்டுக்கே வந்து மருந்து கொடுத்த டொக்டருக்கும் தாதிமாருக்கும், நற்கருணையோடு வந்து செபித்த பங்குத்தந்தைக்கும், இறுதி ஊர்வலத்தில் அக்காவைச் சுமந்த பங்கு இளைஞருக்கும், செத்தவீட்டுக்குச் சாப்பாடு அனுப்பிய அயலவருக்கும், கிண்ணியாவிலிருந்து குடும்பத்தோடு வந்து கடைசிவரை நின்ற நானாவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

"பாவம், தனிய இருந்து எவ்வளவு கஷ்டப்பட்டவ" என்று இப்போதும் பலர் என்னிடம் சொல்கிறார்கள். கஷ்டப்பட்டவர்தான். ஆனால் அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு அக்கா நன்றாக நித்திரை கொண்டார். அத்தானைப் பற்றி என்னோடு ஓயாமல் கதைத்தார், கதைத்துச் சிரித்தார். அவர் நிம்மதியாக வாழ்ந்துதான் போனார். உங்கள் எல்லோருக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்றே அக்காவின் நினைவு மலரில் இந்தப் பக்கங்களை நான் கேட்டு வாங்கினேன்.

அன்புத் தங்கை