கொசுவலைச் சட்டத்துக்குள் அம்மாவின் குரல்

அம்மாவின் குரல்வளையைத் திங்கட்கிழமை எடுக்கப்போகிறார்கள் என்று முடிவானதும், நான் மைக் வாங்கப் போனேன். அழுவதற்கு முன், அக்காவுக்கு விவரமாகச் சொல்வதற்கு முன், மெட்ரோ பிடித்து, எலக்ட்ரானிக் சாமான்கள் விற்கும் சாந்தினி சந்தைக்குத்தான் போனேன். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான். பயம் வந்தால் அதைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து வரிசை போட்டுவிடுவேன். மைக், அதைப் பிடிக்கும் தாங்கி, காதை மூடும் ஹெட்ஃபோன், நீளமான ஒயர். மட்டமான மைக் இரண்டு வாங்குவதைவிடச் சுமாரான ஒன்று போதும் என்று அங்கேயே தீர்மானித்தேன். எதிரொலியைத் தடுக்கும் பஞ்சுப் பலகைகள் எங்கள் கைக்கு எட்டவில்லை. அதற்கு வீட்டில் வேறு வழி இருந்தது.

பேட்டி எடுக்கப்போவது அக்கா. அவள் டொராண்டோவில் இருக்கிறாள். விசா புதுப்பிப்பு நடுவில் நிற்பதால் கிளம்பி வர முடியாது. கம்ப்யூட்டரில் வீடியோ அழைப்பு போட்டு அவள் கேட்க, அம்மா பதில் சொல்ல, நான் பதிவு செய்ய வேண்டும். நீயே கேட்டுப் பதிவு செய்யலாமே என்று அக்கா சொன்னாள். அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"உங்கிட்ட புதுசா என்னத்தடி சொல்றது? கூடவேதான இருக்க. அவள்னா கேக்காததெல்லாம் கேப்பா."

அது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் உண்மை.

அம்மாவின் குரல் அப்போதே பாதி காற்றாகியிருந்தது. அதிகம் பேசக் கூடாது, ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மறுபடி எடுப்பது என்ற பேச்சே இல்லை. சனிக்கிழமை மாலை, ஒரு தடவை, அவ்வளவுதான். அதில் வந்தால் வந்தது.

பவானிபூரில் எங்கள் வீடு பழைய கட்டடத்தின் முதல் மாடி. கீழே ஆட்டோக்கள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கும். கூரை உயரம், சுவர் வெறும் சுவர். பேசினால் குரல் போய்த் திரும்பி வரும். அம்மாவின் கட்டிலில் நான்கு மூலைகளிலும் கொசுவலைக் கம்பிகள் உண்டு. வலையைக் கழற்றிவிட்டு, பரணிலிருந்து பஞ்சு வைத்துத் தைத்த குளிர்காலத்து ரஜாய்களை எல்லாம் இறக்கி, நான்கு பக்கமும் தொங்கவிட்டேன். மேலே இரண்டு போர்வை. உள்ளே பலகை போட்டு லேப்டாப், மைக். சன்னல்களைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்தினேன். பங்குனி வெக்கையில் உள்ளே ஆவி பறந்தது.

அம்மா ரஜாயை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, பூஜா பந்தல் மாதிரி கட்டியிருக்க? நான் என்ன துர்கையா?"

"உக்காரும்மா."

"உக்கார வெச்சுட்டு, கடைசி நாள் கங்கைல கொண்டு கரைச்சுடப் போற."

அவள் சிரித்தாள். சிரிப்பில் சத்தம் வரவில்லை, தோள்தான் குலுங்கியது. நான் ஒயரைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஒன்று மட்டும் பாக்கியிருந்தது: சங்கு. மேல் மாடியில் ஒரு வங்காளி அம்மாள் இருக்கிறார், அண்ணி முறையில் பௌதி என்று கூப்பிடுவோம். தினமும் விளக்கேற்றும் வேளையில் சங்கு ஊதுவார். அந்த ஒலி எங்கள் கூடத்துக்குள் நேராக இறங்கும். அக்காவுக்குக் காலை, எங்களுக்குச் சாயங்காலம். வேறு நேரம் அமையவில்லை. மேலே போய், இன்று ஒரு நாள் கொஞ்சம் தள்ளி ஊத முடியுமா என்று வங்காள மொழியில் கேட்டேன். பௌதிக்கு அம்மாவின் மேல் உயிர். இருந்தாலும் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ தகாததைக் கேட்டுவிட்டது தெரிந்தது.

"ஷந்தே கி பொஷே தாக்பே?" என்றார். அந்தி என்ன உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்குமா? பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மூன்று முறைக்குப் பதில் ஒரு முறை, மெதுவாக, என்று விட்டுக்கொடுத்தார்.

அந்த ஒரு முறையும் எனக்குப் பயம். பதிவு செய்யும் மென்பொருளில் இரைச்சலை நீக்கும் வசதி ஒன்று இருந்தது. மனிதப் பேச்சு எது, மற்ற சத்தம் எது என்று பிரித்து, பேச்சை மட்டும் விட்டுவைக்கும். அதை உச்சத்தில் வைத்தேன். அம்மாவின் குரலைச் செலவழிக்கக் கூடாது என்று சோதனை எல்லாம் என் குரலிலேயே செய்தேன். ரஜாய்க்குள் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து கேட்டேன். ஆட்டோ இல்லை, காக்கை இல்லை. வானொலி நிலையத்தில் உட்கார்ந்து பேசியதுபோல என் குரல் மட்டும். அன்று முழுக்க நான் நிம்மதியாக இருந்தது அந்தச் சில நிமிஷங்கள்தான்.

அக்கா திரையில் வந்தாள். தலையை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள், பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் உட்கார்ந்ததுபோல. நான் ரஜாய்க்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். என் முன்னால் இன்னொரு திரை, காதில் ஹெட்ஃபோன். அக்காவுக்குப் போவதும் கோப்பில் சேர்வதும் எதுவோ, அதுவே என் காதிலும் விழும்.

அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். மொழி தெரியாமல், தனியாகக் காளிகாட் கோயிலுக்குப் போய், ஒரு சந்தில் நுழைந்து இன்னொரு சந்தில் வெளியே வந்து வழி தவறிவிட்டாளாம். எல்லாக் கடையும் ஒரே மாதிரி இருந்ததாம். கையில் அர்ச்சனைத் தட்டோடு நின்றுகொண்டு அழுதாளாம். அக்கா சிரித்தாள். குரல் நன்றாகவே வந்தது. திரையில் ஒலியளவு காட்டும் பட்டை சிவப்பைத் தொடாமல் ஓடியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இடைவெளிகள் வந்தன. மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை, வெற்றிடம், அரை வார்த்தை. வெற்றிடம் நீண்டது. அம்மா யோசிக்கிறாள், விட்டுவிடலாம் என்று இருந்தேன். அக்காவின் சிரிப்பு நின்றது.

"அம்மா? அம்மா, கேக்கலம்மா."

எதுவும் இல்லை. திரையில் அம்மாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. கையை ஆட்டி, கண்ணை விரித்து, கதையில் ஏதோ முக்கியமான இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் காதில் பஞ்சை அடைத்தது போன்ற சுத்தமான அமைதி.

"ஏய், அம்மா குரல் போயிடுத்தாடி?" அக்காவின் குரல் உடைந்தது. "இப்பவே போயிடுத்தா?"

எனக்கும் அதே நினைப்புதான். மைக்கோ ஒயரோ என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. திங்கட்கிழமை வரைகூடக் காத்திருக்கவில்லை, என் பந்தலுக்குள்ளேயே போய்விட்டது, ஃபேனை நிறுத்தி, வேர்க்கவைத்து, பேசவைத்துப் போக்கடித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. ரஜாயைத் திறக்க வேண்டும், திறந்தால் உறுதியாகிவிடும். கை போகவில்லை.

ஹெட்ஃபோன் கழுத்துக்கு நழுவியது. அப்போது ரஜாய்க்குள்ளிருந்து கேட்டது. மரத்தில் உப்புத்தாள் தேய்ப்பதுபோல, ரொம்ப மெல்லிசாக.

"...என்னடி பேந்தப் பேந்த முழிக்கற? நான் சொல்றது காதுல விழறதா இல்லியா?"

குரல் இருந்தது.

அதன் பிறகு கைக்கு வேலை தெரிந்தது. ஒயர் சரி. மைக் அணையவில்லை. உள்ளே வரும் ஒலியைக் காட்டும் பட்டை அம்மா பேசப் பேசத் துள்ளிக்கொண்டிருந்தது. வெளியே போகும் பட்டை செத்துக் கிடந்தது. இவ்வளவு நேரம் நான் பார்த்தது இரண்டாவதை மட்டும். உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை. நடுவில் இருப்பது ஒன்றே ஒன்று, அந்த இரைச்சல் நீக்கும் வசதி. களைக்கக் களைக்க அம்மாவின் குரலில் காற்று கூடிக்கொண்டே போயிருக்கிறது. காற்றையும் கரகரப்பையும் மென்பொருள் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு, நான் சொல்லிவைத்தபடி ஒழுங்காகத் துடைத்துப் போட்டிருக்கிறது.

அதை அணைத்தேன். உடனே எல்லாம் உள்ளே வந்தது. ஹாரன், காக்கை, யாரோ பாத்திரம் போடும் சத்தம், அவற்றுக்கு நடுவில் அம்மாவின் இருமல். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதே சமயம் மேலே பௌதி சங்கை ஊதினார், சொன்னபடி ஒரே முறை. அம்மா கைகூப்பி, அது முடியும்வரை இருந்தாள்.

காளிகாட் சந்தில் நின்று அழுதவளை யார் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள் என்பது கோப்பில் இல்லை. அக்கா அதை மறுபடி கேட்டாள். அம்மா தலையாட்டினாள்.

"கதையெல்லாம் நான் எழுதித் தரேண்டி. கை இருக்கே. இந்தப் பந்தல் குரலுக்குத்தான?"

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எங்களக் கூப்பிடும்மா" என்றாள். "சாப்பிடக் கூப்பிடுவியே, அந்த மாதிரி."

அம்மா உட்கார்ந்த இடத்தில் நிமிர்வதைத் திரையில் பார்த்தேன். முதலில் அக்காவை வீட்டில் கூப்பிடும் பெயர், கடைசி எழுத்தை இழுத்து. அடுத்து என் பெயர். எங்கள் இரண்டு பேருக்கும் அவள் வைத்த பெயர்கள். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சிவப்பைத் தாண்டிப் பட்டை எகிறியது. ஒலியைக் குறைத்திருக்க வேண்டும். குறைக்கவில்லை. டொராண்டோவிலிருந்து அக்கா "வரேம்மா" என்றாள்.

நிறுத்தி, சேமித்து, ரஜாயைத் திறந்தேன். அம்மாவின் ரவிக்கை முழுவதும் நனைந்திருந்தது.

"போட்டுக் காட்டு."

"அப்பறம் பாக்கலாம்மா."

"வந்திருக்கா இல்லியான்னு பாக்க வேண்டாமா?" என் முகத்தைப் பார்த்தாள். "பயமா இருக்கா?"

"ஆமாம்மா." அந்த வாரத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

அவளே கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பாதிக்கு மேல் தெருதான். அதற்குள் அவள் இருந்தாள்.

"இது நானா? காக்கா வேற, நான் வேறயான்னு தெரியலையேடி," என்றாள். ஆனாலும் திருப்பி ஒரு முறை போட்டாள். "ஒம் பேரு சரியா விழல. கிழிஞ்சு கேக்கறது."

அதற்காகவா என்று தெரியாது. டாக்டர் சொன்னதை அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஞாயிறு முழுவதும் காரணமில்லாமல் என்னைக் கூப்பிட்டாள். சமையலறையிலிருந்து, குளியலறையிலிருந்து, பால்கனியிலிருந்து. பேசாதே என்று சொல்ல வாய் வரை வரும். ஒவ்வொன்றும் கடைசியோ என்று தோன்றும். மைக் பெட்டிக்குள் இருந்தது, நான் எடுக்கவில்லை. எழுந்து எழுந்து போனேன்.

திங்கட்கிழமை காலை டாக்சி வந்துவிட்டது. அம்மா கீழே இறங்கியிருந்தாள். நான் மேலே வாசல் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன், சாவி சுழலவில்லை. மாடிப்படியின் அடியிலிருந்து என் பெயர் வந்தது, அதே இழுப்போடு.

"வரேம்மா," என்றேன். பூட்டு இன்னும் விழவில்லை.