கம்பாலா ஊழியக்காரி

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் யேசுரத்தினத்தின் மகள் பெமிலா, 2012இல் ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு உகாண்டா போனாள். சமூகப்பணி படித்து முடித்த கையோடு வந்த வாய்ப்பு. கம்பாலாவில் ஒரு தொண்டு நிறுவனம். பதின்வயதுப் பிள்ளைகளிடம் வானொலியிலும் பள்ளிக்கூட நாடகத்திலும் தொலைபேசியிலும் பாலியல் நலம் பற்றிப் பேசுவது அவர்கள் வேலை. எங்கள் சபையில் யேசுரத்தினம் சொன்னது, 'ஆப்பிரிக்காவில் வாலிபர் ஊழியம்.' சபை ஞாயிறு தவறாமல் அவளுக்காக ஜெபித்தது.

முழுப்பொய் என்று சொல்லிவிட முடியாது. வாலிபர்கள் இருந்தார்கள். ஆப்பிரிக்காவும் இருந்தது.

மருந்துக்கடையில் நாப்கின் வாங்கினால் கடைக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல், செய்தித்தாளில் சுற்றி வாங்கி வருகிறவள் பெமிலா. அங்கே முதல் வாரமே ஒரு வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நிறுத்தி, வாழைக்காயில் ஆணுறையை மாட்டிக் காட்டச் சொன்னார்கள். வாழைக்காய் கையிலிருந்து நழுவி உருண்டது. பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் சிரித்துவிட்டாள். கூச்சம் அன்றோடு போயிற்று என்று பிறகு சொன்னாள். கடைசி இரண்டு மாதம் வானொலியில் அவள் குரலும் வந்தது. பிள்ளைகளிடம் அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: மறைக்காமல் பேசுங்கள், காதுகொடுக்க ஆள் இருக்கும்.

ஊர் திரும்பிய சில நாளில் அந்த நிறுவனம் இரண்டு வருட வேலைக்கு அழைத்தது. அவளுக்கு அதைவிட வேறு ஆசை இல்லை. யேசுரத்தினம் பிடிகொடுக்கவில்லை. வீட்டில் நன்றி ஜெபக்கூட்டம் வைக்கலாம், அங்கே தன் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லட்டும், சபையார் யாரும் முகம் சுளிக்காவிட்டால் போகலாம் என்றார். கூட்டத்தன்று காலையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஊழியம்னு மட்டும் சொல்லு மக்கா. விவரம் ஒண்ணும் வேண்டாம்."

கொடியில் காய்ந்த ஷீட்டுகளை எடுத்துவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். நாற்றத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. பெமிலா எழுந்து நின்றாள். அப்பா சொன்னபடி சொல்லத்தான் நினைத்தாள். ஆறு மாதம் ஊரார் பிள்ளைகளுக்குப் படித்துப்படித்துச் சொன்னது விடவில்லை.

கம்பாலாவில் வாலிபப் பிள்ளைகளிடம் பேசினேன் என்றாள். "ஸ்தோத்திரம்," என்றது கூட்டம். தங்கள் உடம்பைப் பற்றி அவர்களுக்கு இருந்த பயத்தைப் போக்கினோம் என்றாள். ஸ்தோத்திரம். எச்.ஐ.வி. வராமலிருக்க ஆணுறை போடச் சொல்லிக்கொடுத்தேன் என்றாள். அதற்கும் ஸ்தோத்திரம். கண்மூடி உட்கார்ந்திருந்த போதகரின் ஸ்தோத்திரம்தான் எல்லோரையும்விடச் சத்தமாக இருந்தது. சாட்சி சொல்கிறவர் மூச்சுவிடும் இடத்தில் ஸ்தோத்திரம் விழ வேண்டும். அது எங்கள் சபையில் பழகிப்போன தாளம். யேசுரத்தினம் மட்டும் கண்ணைத் திறந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவில் போதகர் பெமிலாவின் தலையில் கைவைத்து, சபையே இவளைத் திரும்பவும் அந்தத் தேசத்துக்கு அனுப்பிவைக்கும் என்று ஜெபித்தார்.

பிறகு வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரியும் சாயாவும். பெமிலா பழம்பொரி எடுக்கவில்லை. தையல்காரி நேசபாய் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்பில் ஒரு மகள் அவளுக்கு.

"ஏட்டி, நீ சொன்னது எனக்குக் கேட்டுது. எனக்க மவளுக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுப்பியா? எனக்கு நாக்கு எழும்ப மாட்டேங்குது."

பெமிலாவின் முகம் மலர்ந்தது. ஞாயிறுதோறும் ஓய்வுநாள் பாடசாலைக்கு வரும் பெண்பிள்ளைகள் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசலாமே என்று ஆரம்பித்தாள். அதற்குள் யேசுரத்தினம் வந்துவிட்டார். அதெல்லாம் அங்குள்ள பிள்ளைகளுக்கு, நம் பிள்ளைகளுக்குத் தேவையில்லை என்று நேசபாயை அனுப்பிவைத்தார். மகளிடம் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியா? அங்க போய்ச் சொன்னா ஊழியம். இங்க சொன்னா நான் கடை திறக்க முடியாது."

அடுத்த மாதம் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குச் சபையார் வேன் பிடித்துப் போய், பாட்டுப் பாடி வழியனுப்பினார்கள். கூட்டத்தில் நேசபாயும் இருந்தாள். பெமிலா அவள் கையில் தன் கம்பாலா நம்பரை எழுதிக் கொடுத்தாள். புதன்கிழமை சாயங்காலங்களில் மகளை அந்த நம்பரில் பேசவைக்கச் சொன்னாள்.

ஒரு புதன்கிழமை சந்தை முக்கில் உள்ள செல்போன் கடையில் நின்றிருந்தேன். நேசபாய் வந்து, வெளிநாட்டுக்குப் பேச ரீசார்ஜ் கேட்டாள். மகள் தள்ளி நின்றாள். எந்த நாட்டுக்கு என்று கடைக்காரர் கேட்டார், சொன்னாள். ஆப்பிரிக்காவில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று விடாமல் கேட்டார்.

நேசபாய் யோசிக்கவே இல்லை.

"ஊழிய விஷயமாட்டு," என்றாள்.