மூன்று ரெடி

பரிபூரணத்துக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் துணி தயாரிக்கிற அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் அது தெரியும். தளவாய்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போய் இருபத்திரண்டு வருடம் அங்கே உழைத்துவிட்டாள். தறி, சலவை, பேக்கிங் எல்லாம் பார்த்து இப்போது ஸ்டோர் பொறுப்பு. ஐந்து வருடத்துக்கு முன்பு அவள் கணவர் தவசிமுத்து பைக்கிலிருந்து விழுந்து, காலில் பட்ட சின்னக் காயம் சீழ்பிடித்து, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் அவள் ஸ்டோரில் அழுக்குக் கையோடு யாரும் ஒரு பெட்டியைத் தொட முடியாது.

சென்ற ஆண்டு கம்பெனி புது சாஃப்ட்வேர் வாங்கியது. அதை அமைக்கக் கோயம்புத்தூரிலிருந்து பிரேம்குமார் என்ற இன்ஜினியர் வந்தான். எந்தப் பொருளுக்கு என்ன பெயர், எது எதில் சேரும் என்று பகுதி பகுதியாகக் கேட்டு எழுதினான்.

"இதுக்குப் பேரு ஆன்டாலஜி, மேடம். இங்க என்னென்ன இருக்கு, ஒண்ணுக்கொண்ணு என்ன சம்பந்தம்னு கம்ப்யூட்டருக்குப் புரியிற மாதிரி எழுதுறது. அப்புறம் எல்லா டிபார்ட்மென்ட்டும் ஒரே பாஷை பேசலாம்" என்றான்.

"ஒரே வார்த்தைய ஆளுக்கொரு அர்த்தத்துல பேசுதாங்களே தம்பி. ரெடின்னு தறிக்காரங்க சொன்னா துணி தறியவிட்டு எறங்கிருச்சுன்னு அர்த்தம். பேக்கிங்ல ரெடின்னா கவருக்குள்ள போயிருச்சு. எனக்கு ரெடின்னா, ஆவியில வச்சு கிருமி செத்த பொறவுதான்."

"நோட் பண்ணிக்கிறேன் மேடம்" என்றான். பண்ணவில்லை. கவரை ஒட்டியதுமே 'ரெடி' என்று கம்ப்யூட்டர் காட்டும்படி செய்துவிட்டுப் போனான். மேனேஜர் லிங்கேஸ்வரனிடம் இரண்டு முறை முறையிட்டாள். "போகப் போகச் சரியாயிரும்க்கா" என்றார்.

மார்ச் மாதம் ஒரு நாள் அவள் லீவு. மறுநாள் காலை வந்து பார்த்தால், ஆவிக்குப் போக வேண்டிய ஆறு பெட்டிகளில் நான்குதான் ரேக்கில் இருந்தன. ஒவ்வொரு கவரிலும் ஒரு சிவப்புப் பட்டை உண்டு. ஆவியில் வைத்தால்தான் அது கறுக்கும். அந்த நான்கிலும் பட்டை சிவப்பாகவே இருந்தது. மற்ற இரண்டும் முந்தின நாள் மாலை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போயிருந்தன. கம்ப்யூட்டரில் அனுப்பியவர் பெயர்: பரிபூரணம்.

ஆஸ்பத்திரியில் போனை யாரும் எடுக்கவில்லை. கம்பெனி வேனில் ஏறி நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் கிருபாபாய் பெட்டிகளை வாசலிலேயே எடுத்து வைத்திருந்தார்.

"பட்டைய நான் பாத்ததால தப்பிச்சோம். இன்னைக்கு ரெண்டு ஆபரேஷன் இருக்கு. இதப்போயி ரெடின்னு சீட்டு ஒட்டி அனுப்பியிருக்கீய. எங்களுக்கு ரெடின்னா, பிரிச்ச கையோட புண்ணு மேல வைக்கலாம்னு அர்த்தம்மா."

"மன்னிச்சுக்கோங்க சிஸ்டர்" என்று இரண்டு பெட்டிகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள்.

கம்பெனியில் அவளுக்கு மெமோ காத்திருந்தது. கவனக்குறைவுக்கு விளக்கம் தர வேண்டுமாம்.

"ஃபார்மாலிட்டிதான்க்கா. ஒரு கையெழுத்துப் போட்டுருங்க" என்றார் லிங்கேஸ்வரன்.

"நேத்து நான் லீவு சார். எம் பாஸ்வேர்டு உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். அதப் போட்டு அனுப்புனது நீங்க" என்றாள் மெதுவாக.

"கம்ப்யூட்டர் ரெடின்னு காட்டுச்சு. அனுப்புனேன்."

"ரெடின்னா என்னன்னு அதுக்குத் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டு எம் பேர எழுதுதீகளே. அந்தப் புண்ணுல சீழ் வச்சிருந்தா அதுக்கும் நாந்தான் கையெழுத்துப் போடணுமா? போட மாட்டேன்."

மெமோவை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்து, ஸ்டோரைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். எது ரெடி என்று எழுதித் தரும்வரை ஒரு பெட்டியும் வெளியே போகாது என்றாள். மிரட்டிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். மத்தியானம் முதலாளியே வந்து விஷயத்தைக் கேட்டார். அடுத்த நாள் பிரேம்குமாரை வரவழைத்தார்.

பரிபூரணம் அவனைத் தனியே உட்கார விடவில்லை. தறி மேஸ்திரி கருத்தையாவையும் பேக்கிங் பாண்டிசெல்வியையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். கிருபாபாயை ஸ்பீக்கர் போனில் பிடித்தாள். "இப்ப ஒவ்வொருத்தரும் சொல்லுறத அவிய சொல்லுற மாதிரியே எழுதுங்க தம்பி" என்றாள். 'ரெடி' போய், 'தறி முடிந்தது', 'பேக் முடிந்தது', 'கிருமி நீக்கியது' என்று மூன்று வந்தன. மூன்றாவதை மட்டுமே அனுப்ப முடியும்.

பிரேம்குமாருக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க அன்னைக்கே சொன்னீங்க மேடம்" என்றான்.

"சொன்னேன்" என்றாள்.

மெமோவை விட்டுவிடலாம் என்று லிங்கேஸ்வரன் வாய்வார்த்தையாகச் சொன்னார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. தப்பு யாருடையது என்று எழுத்தில் கேட்டாள். பதினோரு நாள் இழுத்தடித்து, மெமோ ரத்து என்று மட்டும் ஒரு வரி கொடுத்தார்கள். பாஸ்வேர்டைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். லிங்கேஸ்வரனோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு அவளுக்கு இன்றுவரை இல்லை.